பர்மாத் தேக்கு வீட்டில் கப்பல் பயம்

கேள்வி: ஆச்சி, எனக்கு 58 வயது, ஊர் தேவகோட்டை. போன தை மாதம்தான் எங்கள் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாண சாந்தி முடிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அதற்குப் பரிசாக எங்கள் இருவருக்கும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு, திரும்ப சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டுமாம். நான்கு ராத்திரி. எனக்கோ காரைக்குடி பஸ்ஸில் போனாலே குமட்டும். நடுக்கடலில் ஏதாவது ஒன்று ஆனால் என்ன செய்வது என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. "நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் கப்பலேறிப் போனவர்கள், உனக்கென்ன பயம்" என்று இவர் சிரிக்கிறார். எப்படித் தயாராவது, என்னென்ன எடுத்துப் போவது?
- தேவகோட்டை வாசகி

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. பாட்டன் பூட்டன் போனார்கள், சரி. அப்பத்தாக்கள் எத்தனை பேர் போனார்கள்? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனது பெரும்பாலும் ஆண்கள்தான். என் அப்பத்தா பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டே எண்பது வயது வரை வாழ்ந்தவர், ஆனால் அவர் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடப் போனபோது மட்டும்தான். வீட்டில் பாதி கப்பலில் வந்தது, வீட்டுப் பெண்களுக்குக் கப்பல் என்றால் கடிதம் வருமா வராதா என்ற கவலை, அவ்வளவுதான். அந்தக் கவலையிலேயே வளர்ந்தவர்கள் நாம். ஆகவே உங்கள் பயத்துக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் தடவை ஏறும்போது நானும் வேண்டாத தெய்வம் இல்லை.

அந்தக் காலத்துக் கப்பலையும் இதையும் ஒன்றாக நினைக்கவும் கூடாது. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கே வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஆடிக்கொண்டே ஏணியில் ஏற வேண்டும். டெக் டிக்கெட்காரர்கள் பாயை விரித்துப் படுத்தார்கள். இப்போது சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம், லிப்ட், ஏசி, குளியலறையோடு கேபின், எல்லாம் உண்டு. விமான நிலையத்தில் நடப்பது போல ஒரு பாலத்தில் நடந்து உள்ளே போய்விடுவீர்கள். "கப்பல் எப்போது வரும்" என்று என் கொழுந்தனார் உள்ளே நின்றுகொண்டே கேட்டார், அதை இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிப்போம்.

இனி குமட்டல். உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். காதுக்குள்ளே உடம்பு ஆடுவதை உணரும் ஓர் உறுப்பு இருக்கிறது. அது "ஆடுகிறோம்" என்று சொல்லும்போது, மூடிய அறைக்குள் சுவரைப் பார்க்கிற கண் "இல்லையே, சும்மாதானே இருக்கிறோம்" என்று சொல்லும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூளை குழம்புவதால்தான் வயிறு புரட்டுகிறது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தால் தூக்கிப் போடும், நடு சீட்டில் அவ்வளவு தெரியாது இல்லையா, கப்பலிலும் அதே கணக்கு. முன்பக்கமும் பின்பக்கமும் அதிகம் ஆடும், மேல் மாடிகள் இன்னும் அதிகம் ஆடும். நடுவில், கொஞ்சம் கீழ்த் தளத்தில் கேபின் கிடைக்குமா என்று மகனை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். பால்கனி கேபின் வாங்கித் தருகிறேன் என்பான், காற்றும் அடிவானமும் கிடைக்கும் என்பதால் அது நல்லதுதான், ஆனால் உச்சித் தளத்து மூலையில் பால்கனி கிடைப்பதைவிட நடுவில் ஒரு சாதாரண சன்னல் போதும் என்பது என் கட்சி.

பெரிய கப்பல்களுக்குத் தண்ணீருக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் இறக்கைகள் உண்டு, பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகவே குறைத்துவிடும். அப்புறம், நீங்கள் போவது பெரும்பாலும் மலாக்கா நீரிணை. ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா என்று நடுவில் அடங்கிக் கிடக்கும் கடல் அது, நம் வங்காள விரிகுடா ஐப்பசி கார்த்திகையில் போடுகிற ஆட்டம் அங்கே கிடையாது. திடீரென்று ஒரு காற்றும் மழையும் வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பயந்தவர்களுக்கு முதல் பயணமாக உங்கள் மகன் நல்ல வழியாகத்தான் பார்த்திருக்கிறான்.

மாத்திரை விஷயத்தில் ஒரு தப்பு எல்லோரும் செய்கிறோம், குமட்டல் வந்த பிறகு தேடுவது. அவோமின் போன்றவற்றைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டால்தான் பலன். தூக்கம் வரும், வாய் உலரும். கண்ணில் அழுத்தம் இருப்பவர்கள், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். இஞ்சி சிலருக்குக் கேட்கும். எனக்குக் கேட்டது உப்பு நார்த்தங்காய். ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு மேல் தளத்துக்குப் போய், தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன், கால் மணி நேரத்தில் வயிறு அடங்கியது. அது நார்த்தங்காயின் வேலையா, அடிவானத்தின் வேலையா, சொல்லத் தெரியவில்லை. வெறும் வயிற்றோடு மட்டும் இருக்காதீர்கள்.

"நடுக்கடலில் ஏதாவது ஆனால்" என்கிறீர்கள். உடம்புக்கு ஆனால், கப்பலில் டாக்டரும் நர்ஸும் உள்ள மருத்துவ அறை உண்டு. ஆனால் பில் டாலரில் வரும், மலைத்துப் போவீர்கள். நம் ஊர் மெடிக்கல் பாலிசி பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு தனியாக எடுங்கள், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிபி எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி எடுங்கள். மறைத்தால் பணம் கிடைக்காது.

கப்பலுக்கே ஆனால்? பயந்தவரிடம் இதைப் பேசக்கூடாது என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டைட்டானிக் 1912-இல் மூழ்கியது, அதைப் பார்த்துத்தான் 1914-இல் கடல் பாதுகாப்புக்கென்று முதல் சர்வதேச ஒப்பந்தம் வந்தது. இன்றைக்குக் கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் போதுமான படகும் மிதவையும் இருந்தே ஆக வேண்டும், அதற்கு மேலும் இருக்கும். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு அவசரப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றி, கப்பல் கிளம்பும் முன்னாலோ கிளம்பிய உடனேயோ அந்தப் பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்று ஆக்கினார்கள். மஸ்டர் டிரில் என்பார்கள். ஏழு சின்ன ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். பலர் செல்போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள், நீங்கள் அப்படி இருக்காதீர்கள். கேபினிலிருந்து அந்த இடத்துக்குப் படி வழியாக ஒரு தடவை உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். எனக்கு முதல் ராத்திரி தூக்கம் வந்ததற்குக் காரணம் மாத்திரை இல்லை, அந்த நடைதான்.

இப்போது மூட்டை. என் முதல் பயணத்தில் எங்கள் வீட்டுக்காரருடைய சர்க்கரை மாத்திரை, என் பிபி மாத்திரை எல்லாவற்றையும் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியின் அடியில் வைத்தேன். பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டார்கள், சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கேபின் வாசலுக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரை பெட்டிக்குள்ளே, பெட்டி கப்பலின் வயிற்றுக்குள்ளே. இவர் அன்றைக்குச் சோற்றை விட்டுவிட்டுச் சாலட்டைக் கொறித்தார், நான் பேச்சு வாங்கினேன். மருந்து, சீட்டு, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி, எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

பெட்டியில் அயர்ன் பாக்ஸ், மின்சாரக் கெட்டில், வெந்நீர் போடும் காயில் எதுவும் வைக்காதீர்கள், தீக்குப் பயந்து வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள் வரிசையில் நின்று திருப்பி வாங்க வேண்டும். ஏசி எலும்பைத் துளைக்கும், ஒரு சால்வை வேண்டும். மேல் தளத்தில் காற்று பலமாக இருக்கும், சேலைக்கு ஊக்கு நிறையக் குத்துங்கள். ஒரு ராத்திரி எல்லோரும் கோட்டும் சூட்டுமாக உடுத்தி வருவார்கள், அன்றைக்குக் கண்டாங்கிச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள், யாராவது நின்று விசாரிப்பார்கள். இன்னொன்று, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுகிறேன். கழிப்பறையில் பல கப்பல்களில் காகிதம்தான், தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டார். பொத்தானை அமுக்கினால் "டமார்" என்று காற்று உறிஞ்சும் சத்தம் வரும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

விசாவில் ஒரு பொறி. கப்பல் பினாங்குக்குப் போய்த் திரும்ப சிங்கப்பூர் வந்து இறங்குவது மறுபடியும் ஒரு நுழைவு. உங்கள் சிங்கப்பூர் விசா பல தடவை நுழையும் வகையா என்று பாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைனில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் தளத்தை மூடிவிடுங்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்பும் மாதத்தில் ஏஜென்டிடம் மறுபடி கேளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஆனால் கப்பல் கிளம்பும் அன்றைக்கே போய் இறங்குகிற சாகசம் வேண்டாம். மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு ஏறுங்கள்.

பினாங்கில் என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவே இல்லை. தண்ணீர்மலைக்குப் போங்கள். நம் நகரத்தார் 1857-இல் கட்டி முடித்த முருகன் கோயில் அங்கே இருக்கிறது. துறைமுகத்தில் கார் பிடித்தால் சீக்கிரம் போய்விடலாம். கூட்டமான பஸ் சுற்றுலாவை விட்டுவிட்டு அங்கே முகப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் உங்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல தடவை கரையைத் தொடாமல் தள்ளி நின்று சின்னப் படகில்தான் ஆட்களை இறக்கும். ஆட்டம் அதிகம் தெரிவது அந்தப் படகில்தான். பிடிக்கவில்லை என்றால் இறங்காதீர்கள், அன்றைக்குக் கப்பல் காலியாக, அமைதியாக இருக்கும். இறங்கினால் நேரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், செல்போன் தானாக மாறிவிடும். போனில் மூன்று என்றால் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும் கப்பலில் நான்கு. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

கேள்வி: கப்பலில் பணம் எப்படிச் செலவு செய்வது, ரூபாயா டாலரா? - பள்ளத்தூர் வாசகர்

பதில்: கையில் காசே வேண்டாம். ஏறும்போது தரும் அட்டைதான் சாவி, அதுதான் பர்ஸ். வாங்குவதெல்லாம் கணக்கில் ஏறி, கடைசியில் உங்கள் கிரெடிட் கார்டில் பிடிப்பார்கள். பணியாளர்களுக்கான டிப்ஸ் என்று ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 15 முதல் 20 டாலர் வரை தானாகச் சேரும், இது டிக்கெட்டில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். செல்போனை ஏறியதும் விமான முறையில் போட்டுவிடுங்கள். கடலில் ரோமிங் கட்டணம் ஒரு பெரிய கொள்ளை.

கேள்வி: சென்னையிலிருந்தே கப்பல் இருக்கிறதாமே, சிங்கப்பூர் வரை போவானேன்? - கோனாபட்டு வாசகர்

பதில்: 2023 ஜூனில் கோர்டேலியா நிறுவனத்தின் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கு ஓடத் தொடங்கியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் காட்டினார்கள். விமானச் செலவு மிச்சம், சாப்பாடும் நம் நாக்குக்கு நெருக்கம். வருடம் முழுக்க இருக்காது, பருவம் பார்த்து ஓடும். குமட்டல் பழக்கம் இல்லாதவர் என்றால் தாராளமாகப் போங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். சீப்புச் சீடை, மாவுருண்டை எடுத்துப் போகலாமா? காலையில் கேபினில் விளக்கேற்றலாமா? - கண்டனூர் வாசகி

பதில்: டிக்கெட் போடும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள், ஏறிய அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் தலைமைப் பணியாளரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள், மறுநாளிலிருந்து பருப்பும் சப்பாத்தியும் வரும். இந்தியப் பணியாளர்கள் நிறைய இருப்பார்கள், இங்கிலீஷ் வராதே என்று தயங்க வேண்டாம். கடையில் வாங்கிய, ஒட்டு பிரிக்காத பாக்கெட் பலகாரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சுட்டு டப்பாவில் அடைத்ததைச் சில கப்பல்களில் நிறுத்திவிடுவார்கள், எனக்கு ஒரு டப்பா சீடை போனது, இன்னும் ஆறவில்லை. பினாங்கில் இறங்கும்போது பழம், சாப்பாடு எதையும் கரைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

விளக்கு, ஊதுபத்தி, சூடம் மூன்றுமே கூடாது. தீ என்றால் கப்பலில் விளையாட்டு இல்லை. பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு கடையில் கிடைக்கிறது. கேபின் சுவர் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். காந்தம் வைத்த முருகன் படம் ஒன்றை உள்ளே ஒட்டி அதன் முன்னால் விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காந்தத்தைக் கதவுக்கு வெளியே ஒட்டுங்கள், எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கிற அந்த நீளமான நடையில் உங்கள் அறை எது என்று தேட வேண்டியிருக்காது.