1715 லண்டன் கவிஞருக்கு ராயல்டி வருமா?

உங்கள் நாவலில் 1715-இல் லண்டன் கவிஞர் ஒருவர் வருடாவருடம் ராயல்டி (விற்பனையில் பங்கு) வாங்குகிறார், அது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாதுங்க. அன்று கையெழுத்துப் பிரதியைப் புத்தக வியாபாரியிடம் மொத்தமாக ஒரு தொகைக்கு விற்றுவிடுவதே வழக்கம். அப்புறம் எத்தனை பதிப்பு போனாலும் லாபம் வியாபாரிக்குத்தான். பிரிட்டனின் 1710 பதிப்புரிமைச் சட்டம் புதுப் புத்தகங்களுக்கு 14 ஆண்டு அச்சுரிமை தந்தது. எழுதியவர் உயிரோடிருந்தால் இன்னொரு 14. நடைமுறையில் அந்த உரிமையும் பெரும்பாலும் வியாபாரி கைக்கே போனது.

கவிஞர் கையில் காசு புரள வேண்டுமென்றால் வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் வாங்கிப் புத்தகம் போடும் சந்தா முறையைக் கொண்டுவாருங்கள். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், ஹோமரின் கிரேக்கக் காவியமான ‘இலியட்’டின் மொழிபெயர்ப்பை அப்படித்தான் வெளியிட்டார்: 1715 முதல் 1720 வரை ஆறு தொகுதிகள், தொகுதிக்கு ஒரு கினி (அன்றைய ஆங்கிலத் தங்கக் காசு). சந்தாதாரர் பெயர்ப்பட்டியல் புத்தகத்திலேயே அச்சாகும் (நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் மாதிரி!). ஆனால் உங்கள் கவிஞர் புதுமுகம் என்றால், முதலில் ஒரு பிரபுவின் தயவு வேண்டும்.