வழியில் தொலைந்த பொதிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் வசிக்கும் உயர்தர மாணவி. இணையவழி வகுப்பில் ஆசிரியரின் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரலும் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. அதே இடத்தில், அதே கைபேசியில் யூடியூப் பாடத்தைப் பார்த்தால் படம் உடைவதில்லை. சில வேளை நின்று வட்டம் சுற்றும், பிறகு தெளிவாக ஓடும். இந்த வேறுபாடு ஏன்? வழியில் தொலைந்த தரவை மீட்க முடியாதா?

பதில்: மீட்கலாம். ஆனால் அதற்கு நேரத்தையோ கூடுதல் டேட்டாவையோ செலவிட்டாக வேண்டும். நீங்கள் பார்த்த வேறுபாடு அங்கிருந்துதான் வருகிறது.

காணொளி, பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாக வெட்டப்பட்டு, தொடரிலக்கம் இடப்பட்டு உங்களை நோக்கி வருகிறது. மலைச்சரிவு சிக்னலை மறைக்கும்போதும், மாலையில் ஊரே ஒரு கோபுரத்தை நம்பியிருக்கும்போதும் சில பொதிகள் வந்து சேர்வதில்லை. யூடியூப் போன்ற தளங்களில் விடுபட்ட பொதி மறுபடி அனுப்பப்படுகிறது. அதற்கு அவகாசம் வேண்டும் என்பதற்காகவே அடுத்து வரவேண்டிய படம் முன்கூட்டியே கைபேசியில் சேர்த்து வைக்கப்படுகிறது. சேர்த்தது தீர்ந்தால்தான் வட்டம் சுற்றும். நேரடி வகுப்பில் இந்த அவகாசம் இல்லை. உரையாடல் இயல்பாக இருக்க, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லிசெக்கனுக்குள் சேர்வது நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. மலைநாட்டின் பலவீனமான இணைப்பில் மறுபடி அனுப்பிய பொதி வந்து சேர்வதற்குள் ஆசிரியர் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார். படத்தின் நிலை இன்னும் மோசம். ஒவ்வொரு சட்டகமும், அதாவது காணொளியில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப்படமும், முழுதாக அனுப்பப்படுவதில்லை, முந்தியதிலிருந்து மாறிய பகுதி மட்டுமே வருகிறது. ஆகையால் ஒரு பொதி தொலைந்தால், அடுத்த முழுச் சட்டகம் வரும்வரை அந்தச் சிதைவு திரையில் நீடிக்கக்கூடும்.

மறுபடி கேட்காமலே மீட்கும் வழியும் உண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை நான்கு பேரின் கொழுந்தை 18, 21, 16, 19 கிலோ என்று எழுதி, கீழே கூட்டுத்தொகை 74 என்றும் குறிக்கிறார். மழைத்துளி பட்டு 16 அழிந்துவிட்டால், மற்ற மூன்றின் கூட்டுத்தொகையான 58ஐ 74இலிருந்து கழித்து அதைக் கண்டுபிடிக்கலாம். யாரையும் திரும்ப அழைத்து நிறுக்கத் தேவையில்லை. காணொளியிலும் நான்கு பொதிகளுக்கு ஒரு கூட்டுப் பொதியைச் சேர்த்து அனுப்பினால், ஐந்தில் எந்த ஒன்று தொலைந்தாலும் மீட்டுவிடலாம். இதற்கான செலவு 25 சதவீதம் கூடுதல் டேட்டா.

21, 16 இரண்டும் அழிந்தால் கூட்டுத்தொகை மட்டும் போதாது. அவ்விரண்டும் சேர்ந்து 37 என்பது மட்டுமே தெரியும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறையையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டி, 184 என்றும் எழுதி வைத்திருந்தால், இரண்டு சமன்பாடுகளைத் தீர்த்து இரண்டையும் பெறலாம். ஒருமுறை கையால் செய்து பாருங்கள், இதன் அழகு புரியும். 1960இல் இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் ஆகிய இருவரும் வெளியிட்ட குறியீட்டுமுறை இந்தக் கருத்தையே கணிதத்தில் வெகுதூரம் கொண்டு சென்றது. கீறல் விழுந்த இசைத்தட்டு, அதாவது சி.டி., தடையின்றிப் பாடுவதற்கும் அந்த முறையே உதவுகிறது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. பொதிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொலைந்தால் இது கைகொடுக்கும். பேருந்து ஒரு வளைவில் திரும்பி, மலை மறைத்து, தொடர்ந்து ஐந்து செக்கன்கள் எதுவும் வராவிட்டால் கூட்டுப் பொதியும் சேர்ந்தே போய்விடும். அங்கே முன்சேமிப்பு மட்டுமே காப்பாற்றும்.

குரலை மீட்பது படத்தை மீட்பதைவிட மலிவானது. இணைய உரையாடல்களில் பரவலாகப் பயன்படும், 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற குரல் குறியீட்டில், ஒவ்வொரு பொதியும் முந்திய பொதியின் சுருக்கப் பிரதியையும் சுமந்துவர வசதி உண்டு. ஆதலால் வகுப்பில் உங்கள் கமராவை அணைத்துவிடுங்கள். உள்வரும் படத்தையும் நிறுத்த முடிந்தால் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். வகுப்பைப் பதிவு செய்து பின்னர் பகிருமாறு ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள். இணைப்பு தளராத அதிகாலையில் அதைத் தரவிறக்கிப் பார்த்தால் ஒரு சொல்லும் தவறாது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் முக்கியம்.

கேள்வி: கிரிக்கெட் நேரலையில், பக்கத்து லயத்துத் தொலைக்காட்சியில் ஆறு ஓட்டம் அடித்த ஆரவாரம் கேட்ட பிறகே எங்கள் கைபேசியில் பந்து வீசப்படுகிறது. இது கைபேசியின் பழுதா? (மஸ்கெலியா வாசகர்)

பதில்: பழுதில்லை. அப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய, இன்று நேரலைகளில் பெரிதும் வழங்கும் முறையில், படம் சில செக்கன் துண்டுகளாக வருகிறது. சாதாரணமாக, நேரலையின் நுனியிலிருந்து குறைந்தது மூன்று துண்டுகள் பின்னாலேயே கைபேசி ஓட்டத் தொடங்கும். ஒரு துண்டு 6 செக்கன் என்றால் அதிலேயே 18 செக்கன் போய்விடுகிறது. அந்த 18 செக்கனுக்குள்தான் தொலைந்த பொதிகள் மறுபடி வந்து சேர்கின்றன. தாமதத்தைக் குறைத்துத் தரும் சேவைகளும் உள்ளன. ஆனால் உங்கள் பக்கத்துச் சிக்னலுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன், ஆட்டம் அடிக்கடி நின்றுவிடும்.