காதுக்குள்ளே ஓயாத இரைச்சல்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கொழும்பில் 20 வருடத்துக்கு மேலாக ஓடியோலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிறவளாக வேலை செய்கிறேன். காது இரைச்சல் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஆட்களை அடையாளம் தெரியாமல் மாற்றிப் பதில் சொல்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லவேண்டும். உங்களுக்குக் கேட்கிற சத்தம் பிரமை இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவருக்குக் கேட்கவில்லை என்பதற்காக நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று ஆகிவிடாது.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா: எனக்கு 52 வயது. இரவில் படுத்தால் இரண்டு காதுக்குள்ளும் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் சொன்னால் கடல் சத்தம்தான் என்கிறார்கள். இது என்ன வருத்தம்?

அக்கா, இது தனியொரு வருத்தம் இல்லை, ஒரு அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணம் இருக்கிற மாதிரி இதற்கும் இருக்கிறது. வெளியே சத்தமே இல்லாமல் காதிலோ தலைக்குள்ளோ சத்தம் கேட்டால் அதை டினிட்டஸ் என்கிறோம். பெரியவர்களில் 100 பேரை எடுத்தால் 10 முதல் 15 பேருக்கு இருக்கிறது. சிலருக்குக் கூவும், சிலருக்கு இரையும், சிலருக்கு குக்கர் விசில் அடங்குகிற நேரத்துச் சத்தம் மாதிரி சீறும்.

பெரும்பாலானவர்களுக்கு இதன் அடியில் கொஞ்சமாவது கேட்டல் குறைவு இருக்கும். உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு பகுதி, அதற்குள் ஒரு காதுக்கு 15,000 அளவில் மயிர்க்கலங்கள். சத்தத்தை நரம்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பவை அவைதான். வயது போனாலோ பெரிய சத்தத்தில் அடிபட்டாலோ அவை செத்துப்போகும், திரும்ப முளைக்காது. அந்தப் பக்கத்திலிருந்து மூளைக்கு வருகிற செய்தி குறைந்ததும் மூளை சும்மா இருக்காது, ரேடியோவில் ஸ்டேஷன் சரியாகப் பிடிக்காதபோது நாங்கள் சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி அதுவும் கூட்டிப் பார்க்கும். ஸ்டேஷன் வராது, இரைச்சல்தான் கூடும். உங்களுக்குக் கேட்பது பெரும்பாலும் அந்த இரைச்சல்.

இரவில் மட்டும் ஏன் என்றால், பகலில் காலி வீதி பஸ்ஸும் சமையலறையும் அதை மூடிவிடுகின்றன. 2022இல் ஒரு நாளில் பல மணித்தியாலம் கரண்ட் போன மாதங்களில், ஃபேன் நின்ற இரவுகளில்தான் தங்களுக்கு இரைச்சல் இருப்பதையே கண்டுபிடித்தோம் என்று என்னிடம் வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு பேர் நன்றாகக் காது கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்திப் பார்த்தார்கள். 5 நிமிடத்துக்குள் 94 வீதமானவர்களுக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது. ஆகவே பயப்படவேண்டாம், ஆனால் கேட்டல் பரிசோதனை ஒன்று கட்டாயம் செய்யுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: வெள்ளி இரவு ஒரு பார்ட்டியில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றேன். இன்றைக்கு மூன்றாம் நாள், இன்னும் "கீ" என்கிறது. போய்விடுமா?

பெரும்பாலும் போய்விடும், தம்பி. இந்த மாதிரி இரைச்சல் பொதுவாக ஒன்றிரண்டு நாளில், சிலருக்குக் கொஞ்சம் கூடப் பிந்தி அடங்கும். இந்த நாட்களில் ஹெட்போன் வேண்டாம். ஒரு கிழமை தாண்டியும் இருந்தாலோ காது மந்தமாக இருந்தாலோ வந்து பரிசோதியுங்கள்.

ஆனால் கூவல் நின்றதும் "சரி, ஒன்றுமில்லை" என்று விட்டுவிடாதீர்கள், காது அடிபட்டது என்பதற்கான அடையாளம்தான் அந்தக் கூவல். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் என்பதுதான் வேலைத்தலங்களுக்குச் சொல்லப்படுகிற எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வந்தால் வெறும் 15 நிமிடம். பார்ட்டி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். பாமசியில் விற்கிற நுரை அடைப்பானை அடுத்த முறை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். தள்ளி நின்றாலே பாதி நன்மை. பஞ்சு வைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது.

தெஹிவளையிலிருந்து ஒரு அண்ணா: நேற்றுக் காலை எழும்பியதிலிருந்து வலது காது அடைத்துப்போய் இரைகிறது, போனில் அந்தப் பக்கம் வைத்துக் கதைக்க முடியவில்லை. சளி என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறேன். எத்தனை நாள் பார்க்கலாம்?

பார்க்கவே கூடாது அண்ணா. இதை வாசித்து முடித்ததும் கிளம்புங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது அவசரம். குறும்பி அடைத்திருக்கலாம், சளியாகவும் இருக்கலாம், அப்படியென்றால் நல்லது. உள்காது நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டெரொய்ட் மருந்து முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் கூட. இரண்டு கிழமை கழித்து வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் நின்ற நாட்கள் உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தங்கச்சி: எனக்கு "டுக் டுக்" என்று இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கிறது.

மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். இரண்டும் ஒன்றாகவே போனால் அது வேறு வகை, இரத்த ஓட்டத்தோடு சம்பந்தப்பட்டது. இரத்தம் குறைவு, தைரொயிட், கூடின பிரஷர், இரத்தக் குழாய்களில் ஏதாவது மாற்றம் என்று காரணம் தேடவேண்டும், பல நேரம் ஸ்கேனும் தேவைப்படும். தலையிடியோ பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால் நாளையே டொக்டரிடம் காட்டுங்கள், தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு காதில் மட்டும் விடாமல் இரைகிற மற்றவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஒரு பக்க இரைச்சலை ஈ.என்.டி. டொக்டர் பார்த்தே ஆகவேண்டும். கேட்டல் நரம்பில் மெதுவாக வளர்கிற, புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி அபூர்வமாகக் காரணமாக இருக்கும், அதை எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் இல்லை என்று உறுதிசெய்யலாம்.

ஒரு மகள்: அப்பாவுக்கு 71 வயது. 2009இல் வன்னியில் பக்கத்தில் ஷெல் விழுந்தது. அன்றிலிருந்து இடது காது கூவுகிறது என்கிறார். இப்போது எங்களோடு கொழும்பில் இருக்கிறார். பட்டாசுச் சத்தம் கேட்டால் இரண்டு நாளைக்குக் கூடிவிடுகிறது, நித்திரையும் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், பிள்ளை. வெடிக்கும்போது வருகிற காற்றழுத்தம் செவிப்பறையைக் கிழிக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன எலும்புகளை இடம்பெயர்க்கும், உள்காதின் மயிர்க்கலங்களையும் அழிக்கும். பறை தானாக ஆறியிருக்கலாம், ஆறாவிட்டால் சத்திரசிகிச்சையில் ஒட்டலாம். கலங்களைத்தான் மீட்க முடியாது. அமெரிக்காவில் முன்னாள் படையினர் கொடுப்பனவு பெறுகிற பாதிப்புகளில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். ஆயுதம் தொடாமல் அதே சத்தத்துக்குள் பதுங்கு குழியில் இருந்த எங்கள் ஆட்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

உங்கள் அப்பாவைப் போல ஒருவர் என் அறைக்கு வந்தார். ஹெட்போனைப் போட்டு, சத்தம் கேட்டதும் பட்டனை அமத்துங்கள் ஐயா என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடியால் பார்த்தால் அவர் பட்டனை அமத்தவில்லை, இடது காதைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். உள்ளே போனேன். "அது நிக்குதில்லையே பிள்ளை, எதைக் கேட்டு அமத்துறது?" என்றார். அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதை அவரிடம் அதுவரை யாருமே கேட்டதில்லையாம். அரை மணித்தியாலம் சொன்னார், அதில் காதைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்.

அதனால் இரண்டு பக்கமும் பாருங்கள். முதலில் காது: பறையைப் பார்த்து, ஓடியோகிராம் என்கிற கேட்டல் அளவுப் படம் எடுத்து, குறைவு இருந்தால் காது மெஷின். வெளிச் சத்தம் நன்றாக உள்ளே வந்தால் இரைச்சல் பின்னுக்குப் போகும், 71 வயது இதற்குப் பிந்தவே இல்லை. அடுத்தது மனம்: பட்டாசுக்குக் கூடுகிறது என்றால் அந்தச் சத்தத்தோடு அன்றைய பயமும் ஒட்டியிருக்கிறது. தமிழில் கதைக்கிற உளவளத்துணையாளர் ஒருவரிடம் கூட்டிப்போங்கள். "பழையதை நினைக்காதீர்கள்" என்று மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். படுக்கையில் ரேடியோவை மிக மெல்லிய சத்தத்தில் விட்டு வையுங்கள், அமைதியான அறை அவருக்கு நல்லதல்ல.

மட்டக்குளியிலிருந்து ஒரு அம்மா: காதுக்குள் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா? பாமசியில் காது நரம்புக்கு என்று ஒரு கின்கோ குளிசையும் தந்தார்கள்.

எண்ணெய் வேண்டாம் அம்மா, பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடிக்கும். குறும்பி அடைத்ததால் வருகிற இரைச்சல் அதை எடுத்ததும் பல நேரம் நின்றுவிடும், ஆனால் டொக்டர் எடுக்கவேண்டும். பட்ஸ் குச்சி அதை உள்ளேதான் தள்ளும். கின்கோ, துத்தநாகம், மெலடோனின் எதையும் இரைச்சலுக்காக எடுக்கச் சொல்லவேண்டாம் என்றுதான் 2014இல் வந்த அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர்களின் வழிகாட்டியும் சொல்கிறது. இரைச்சலை அப்படியே நிறுத்துகிற குளிசை இன்றுவரை இல்லை. மாறாக, இரைச்சலைக் கொண்டுவருகிற மருந்துகள் இருக்கின்றன: கூடின அளவில் அஸ்பிரின், ஜென்டமைசின் ஊசி, புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின், மலேரியாவுக்கான குவினைன். உங்கள் மருந்துகளை நீங்களாக நிறுத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

தேத்தண்ணீரை விடவேண்டுமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. குடித்தால் கூடுகிறது என்று உங்களுக்கே தெளிவாகத் தெரிந்தால் மட்டும் குறையுங்கள்.

வத்தளையிலிருந்து ஒருவர்: இரைச்சலோடு தலைச்சுற்றும் சத்தியும் வருகிறது.

சுற்று 20 நிமிடத்திலிருந்து சில மணித்தியாலம் வரை நீடித்து, அந்த நேரம் ஒரு காது அடைத்து, கேட்பது குறைந்து, பிறகு தெளிகிறதா? அப்படியென்றால் மெனியர் நோயாக இருக்கலாம். 1861இல் புரோஸ்பர் மெனியர் என்ற பிரெஞ்சு மருத்துவர்தான் இப்படியான சுற்று உள்காதிலிருந்து வருகிறது என்று சொன்னவர். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், மருந்தும் உண்டு. கருவாடு, ஊறுகாயில் கொஞ்சம் கை வைக்காமல் இருங்கள்.

ஒரு ஆசிரியை: எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. "பழகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான், டீச்சர். பழகுவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்கு வழி காட்டவேண்டும். நாங்கள் மெஷினில் ஒரு சத்தத்தைக் கூட்டிக் குறைத்து, உங்கள் இரைச்சல் இவ்வளவா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். தலை வெடிக்கிற மாதிரி என்று சொல்கிறவர்களுக்குக்கூட, அந்தச் சுருதியில் அவர்களுக்கு மட்டுமட்டாகக் கேட்கிற அளவைவிட 5, 10 டெசிபல்தான் பெரும்பாலும் கூட இருக்கும். அவர்களுடைய துன்பம் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூளை அந்தச் சின்னச் சத்தத்தை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு விடாமல் காவல் காக்கிறது, களைப்பு அதிலிருந்துதான் வருகிறது. சி.பி.டி. என்கிற உளச் சிகிச்சை அந்தக் காவலைத் தளர்த்தத்தான். இரைச்சலின் துன்பத்தைக் குறைப்பதில் இன்றைக்கு அதிக ஆதாரம் உள்ளது அதற்குத்தான். கூடவே மழைச் சத்தம், கடல் சத்தம் மாதிரி ஒன்றை இரைச்சலை முழுக்க மூடாமல் கொஞ்சம் கீழே வைத்துக் கேளுங்கள். நாட்களில் இல்லை, மாதங்களில் மாறும். இடையில் வாழ்வே வேண்டாம் என்கிற எண்ணம் வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலவச அழைப்பு அது.

எங்கே காட்டுவது என்று கேட்டவர்களுக்கு: கொழும்பு தேசிய வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, காசு தேவையில்லை, காத்திருக்கத்தான் வேண்டும். போகும்போது ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தக் காது, எப்போது தொடங்கியது, விடாமலா விட்டுவிட்டா, துடிப்போடு சேர்கிறதா, தலைச்சுற்று உண்டா, என்னென்ன மருந்து. பல்லைக் கடித்தால், கழுத்தைத் திருப்பினால் சத்தம் மாறுகிறதா என்பதையும் எழுதுங்கள். தாடை, கழுத்துத் தசையிலிருந்து வருகிற இரைச்சலும் உண்டு, இதை டொக்டர் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்லுங்கள்.