மலேசியாவில் ஓடையில் பிடித்த மீன்களைக் காரைக்குடிக்குக் கொண்டுவர முடியுமா?

கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். சதுப்புக்காட்டு ஓடையில் காட்டு ஃபைட்டர் மீன் பிடித்துத் தருவதாக அத்தான் சொல்லியிருக்கிறார். நான்கைந்தைக் கவரில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துத் திருச்சி வழியாகக் கொண்டுவரலாமா என்பது உங்கள் கேள்வி. கொண்டுவராதீர்கள். காரைக்குடியில் பல ஆண்டுகளாகக் கலர் மீன் வளர்க்கிறவன் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். உயிருள்ள மீன் இந்தியாவுக்குள் வர, மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் நலச் சான்றிதழும் வேண்டும். வந்து இறங்கிய பிறகு தனிமைக் காப்பில் வைக்க வேண்டும். அதற்கான மத்திய அரசு நிலையம் சென்னையில் இருக்கிறது, திருச்சியில் இல்லை. மலேசியாவிலிருந்து உயிர்மீனை வெளியே எடுக்கவும் அந்நாட்டு அனுமதி தேவை. இவையெல்லாம் பெட்டி பெட்டியாக இறக்குமதி செய்யும் வியாபாரிக்குக் கட்டுப்படியாகும். நான்கு மீனுக்கு ஆகாது. ‘சின்ன மீன்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று அத்தான் சொல்லக்கூடும். மலேசியாவிலிருந்து வந்த பெட்டிகளில் ஆமைக்குஞ்சுகள் திருச்சியில் பிடிபட்ட செய்திகளை அவர் படிக்கவில்லை போலிருக்கிறது. வாஸ்து மீன் என்று ஆசிய அரோவானாவுக்கு யாராவது ஆசை காட்டினால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். அது அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்து, உடலில் மைக்ரோசிப் ஏற்றிய மீனைத்தான் முறையாக விற்க முடியும்.

இந்தக் கெடுபிடி வீண் என்று நினைப்பவர்கள் நம் கண்மாய்களைப் பார்க்கலாம். ஜிலேபிக் கெண்டை நம் ஊர் மீன் அன்று. ஆப்பிரிக்காவில் பிறந்து இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1952இல் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்காக, நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். இன்று வலை வீசினால் அதுதான் முதலில் வருகிறது. நோயின் கதை இன்னும் மோசம். விரால், கெண்டை என்று பாராமல் உடம்பெல்லாம் குழிப்புண் வைக்கும் நோய் ஒன்று ஆசிய நாடுகளில் ஒவ்வொன்றாகப் பரவி 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்தது. காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்பூஞ்சை. உங்கள் கவரில் இருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரிலும் இப்படிப்பட்டவை பயணம் செய்ய முடியும். தொட்டித் தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? நம் தெருக்களில் வாறுகால் பெரும்பாலும் ஊருணிப் பக்கம்தானே ஓடுகிறது.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு மீனின் பக்கம் நின்று பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. மூடிய கவருக்குள் மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை கூடும். கழிவிலிருந்து வரும் அமோனியாவும் சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக மாறி அடங்கிக் கிடக்கும். வீட்டுக்கு வந்து கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பி.எச். (அமிலத்தன்மை குறையக் குறைய ஏறும் அளவு) ஏறி, அடங்கிக் கிடந்தது மறுபடி நஞ்சாகிவிடும். கவரைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பக்கத்துக் கடையில் வாங்கிய மீனுக்கு அது சரி. நெடுந்தூரம் வந்த மீனுக்கு அதுவே ஆபத்து. கவரை மூடியபடியே மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்தவுடன் வலையால் எடுத்து மீனை மட்டும் ஏற்கெனவே தயாராக இருக்கும் தண்ணீரில் விடுவதுதான் முறை. வியாபாரிகள் ஏற்றுமதிக்கு முன் ஓரிரு நாள் மீனைப் பட்டினி போடுவதும் கழிவு குறையத்தான்.

பிழைத்து வந்த காட்டு மீனும் சும்மா வருவதில்லை. மலவாயில் சிவப்பு நூல் நுனிபோல் எதோ எட்டிப் பார்த்து, மீன் அசையாமல் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் நீண்டு, நகர்ந்ததும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கமலானஸ் என்ற குடற்புழு அது. ஒரே தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களுக்கும் பரவும். இது போக, காட்டிலிருந்து வந்தவை கடைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கொசுப்புழுவுக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

அத்தான் சொல்லும் ஓடை வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டில், அதாவது இலைதழை மக்கிப் படிந்த சதுப்பில், இருக்குமானால் இன்னொன்றும் உண்டு. பெட்டா லிவிடா என்ற சிவப்பு ஃபைட்டர் அந்தப் பகுதியை விட்டால் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சதுப்பை வடித்துச் செம்பனை வைக்க வைக்க அதன் வீடு சுருங்குகிறது. காட்டு மீன் பிடிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பிரேசிலின் பார்செலோஸ் ஊரில் கார்டினல் டெட்ரா பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, அந்த மீனுக்காகவே காட்டைக் காப்பாற்ற ஒரு காரணம் கிடைக்கிறது. பர்மாவில் வேறு மாதிரி நடந்தது. நம் வீட்டுத் தேக்கெல்லாம் வந்த அதே பர்மாதான். 2006இல் ஷான் மாநிலத்தில் ஹோபோங் அருகே, நீல உடம்பில் முத்து தெளித்தாற்போல் ஒரு குட்டி மீன் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் உலகமே கேட்க, அள்ளிய வேகத்தில் மீன் தீர்ந்துவிடுமோ என்று பயம் வந்தது. தொட்டியிலேயே எளிதாகக் குஞ்சு பொரிக்கும் என்று தெரிந்த பிறகுதான் நெருக்கடி குறைந்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான். அத்தானோடு ஓடைக்குப் போங்கள். ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது), பி.எச். பட்டைகள், வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டுபோய் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் பால் கலக்காத டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். பி.எச். நான்கு அல்லது அதற்கும் கீழே காட்டும், டி.டி.எஸ். ஒன்றுமே இல்லாதது போல் இருக்கும். இலைக்குவியல் எவ்வளவு ஆழம், வெயில் எங்கே விழுகிறது, மீன் எந்த நிழலில் நிற்கிறது என்று படம் எடுத்து வாருங்கள்.

அந்தத் தண்ணீரை இங்கே உருவாக்கச் செட்டிநாட்டு வீட்டைவிடத் தோதான இடம் கிடையாது. ஐப்பசி மழைக்கு வளவு முற்றத்தில் ஓட்டுச் சரிவிலிருந்து கொட்டுவது உப்பே இல்லாத மென்னீர். முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் கழுவிப் போகட்டும். பிறகு பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். ஆத்தா வைத்திருந்த பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும் பார்க்க அழகுதான், ஆனால் மென்மையான அமிலத் தண்ணீரில் செம்பு கரையும், மீனுக்கு அது விஷம். சுண்ணாம்புக் காரை பூசிய தொட்டியும் வேண்டாம், பி.எச். ஏறிவிடும். வாதாங்கொட்டை மரத்தடியில் சிவந்து உதிர்ந்து காய்ந்த இலைகளைக் கழுவிப் போட்டால் இரண்டொரு நாளில் நிறம் இறங்கும். தொட்டியை மாடியில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலுக்கு இரண்டாங்கட்டு உள்ளறையின் தடித்த சுவர்தான் தாங்கும்.

மீனுக்கு, தொட்டியிலேயே பிறந்த பெட்டா இம்பெல்லிஸ் கேட்டுப் பாருங்கள். மலேசிய வயல்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் காட்டு இனம்தான், லிவிடா அளவுக்குத் தண்ணீரில் கறார் பார்க்காது. சென்னை கொளத்தூர்க் கலர் மீன் கடைகளில் சொல்லி வைத்தாலோ, நம் நாட்டு வளர்ப்பாளர்களிடம் விசாரித்தாலோ கிடைக்கும். ஒரு சோடி போதும். தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி போடுங்கள். காட்டு ஃபைட்டர் விரலிடுக்கு கிடைத்தாலும் வெளியே குதித்துவிடும்.