பேசத் தயங்குகிறவர் ஆர்க்கிடெக்ட் ஆகலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். ஓவியமும் கணக்கும் நன்றாக வரும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பி.ஆர்க். சேர்ந்தால் வரைபடங்களை மதிப்பிடும் ஜூரி குழு முன்னால் அடிக்கடி நிற்க வேண்டும் என்கிறார்கள். சேரலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகச் சேருங்கள். பி.ஆர்க். சேர எழுதும் நுழைவுத் தேர்வுகளான நாட்டாவிலும் ஜே.இ.இ. மெயின் பேப்பர் 2-ஏ-விலும் நேர்காணல் கிடையாது. படிப்பு 5 ஆண்டு. ஜூரி உண்டு, அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அங்கே வருகிறவர்கள் பார்ப்பது உங்கள் வரைபடத் தாளைத்தான்.

அதனால் செக்‌ஷனை முதலில் முடியுங்கள். கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் உள்ளே தெரிவதைக் காட்டும் வரைபடம் அது. கூச்சமுள்ள மாணவர்கள், அறைகளை மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் பிளானையே மெருகேற்றிக்கொண்டிருந்துவிட்டு, செக்‌ஷனைக் கடைசி இரவில் அவசரமாகப் போடுவார்கள். கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். படிக்கட்டில் ஏறும்போது தலை இடிக்குமா, மழைநீர் எந்தப் பக்கம் வடியும், கழிப்பறைக்குக் காற்று எப்படி வரும், சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1:12-ஐ (12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம்) விடச் செங்குத்தாக இருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் தாளிலேயே விடை இருந்தால், நீங்கள் பேச வேண்டியது பாதியாகக் குறையும்.

மீதிப் பாதிக்கு முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: மனை எங்கே, அதில் என்ன சிக்கல், நீங்கள் எடுத்த முடிவு என்ன. தாளில் எழுதியிருப்பதை வாசிக்காதீர்கள். அதை அவர்களே படித்துக்கொள்வார்கள். குறை சொல்லும்போது பதில் தேடித் தவிக்காமல், பக்கத்துத் தோழியைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முழுதாகக் கேளுங்கள்.

இந்த விடுமுறையிலேயே ஒரு பயிற்சியைத் தொடங்கலாம். புதுச்சேரி வைசியாள் வீதிக்குப் போய், திண்ணை உள்ள ஒரு வீட்டைத் தேர்ந்தெடுங்கள். வீட்டாரிடம், "அளந்து வரைஞ்சுக்கலாமாங்க?" என்று கேட்க வேண்டும், அந்த ஒரு கேள்விதான் பேச்சுப் பயிற்சி. பிறகு திண்ணையின் உயரம், அகலம், தூண்களுக்கு இடையிலுள்ள தூரம், தாழ்வாரம் எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று டேப்பில் அளந்து 1:50-இல், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக, வரையுங்கள். மணிக்கணக்கில் தனியாக உட்கார்ந்து கவனிக்கும் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்களுக்கு அது இருக்கிறது என்றே தோன்றுகிறது.

கேள்வி: ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கிறேன். சைட்டில் மேஸ்திரி ஒன்று சொன்னால் மறுத்துப் பேச வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள், இங்கே தலையாட்டினால் கட்டடம் கெடும். கடலோரத்தில் முக்கியமானது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் கவர். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கடலோரச் சூழலுக்கு நேரடியாக உட்படும் கான்கிரீட்டில் கவர் 45 மி.மீ.; கடல்நீர்த் தூவல் படும் இடத்தில் 50 மி.மீ. ஆனால் பழக்கத்தில், கம்பிக்கு அடியில் இந்த இடைவெளிக்காக வைக்கும் பிளாக்கை 20, 25 மி.மீ. அளவிலோ அல்லது அதற்குப் பதில் உடைந்த ஓட்டுத்துண்டையோ வைத்துவிடுவார்கள். உப்புக்காற்று உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு உப்பும்போது கான்கிரீட் பிளந்து பெயர்ந்து விழும். கான்கிரீட் போட்ட பிறகு இதைத் திருத்த வழியில்லை.

ஆகவே கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, கவரை டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுங்கள். ஆட்கள் முன்னால் திருத்தினால் மேஸ்திரிக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். தனியே அழைத்து, "அண்ணே, டிராயிங்ல 45 இருக்கு, இங்க 25 தான் வருது, பிளாக்கை மாத்திடலாமா?" என்று கேளுங்கள். குரல் உயர வேண்டியதே இல்லை. பிறகு சைட் ஆர்டர் புத்தகத்தில் தேதியோடு எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் காலை பிளாக் மாறவில்லை என்றால், மிக்சர் ஓடத் தொடங்குமுன் உங்கள் சீனியருக்கும் இன்ஜினியருக்கும் அந்தப் போட்டோவை அனுப்பி, வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.