கையெழுத்துப் போட்டவர்கள்

கேள்வி: சிங்கப்பூரைத் தலைவர்கள் திட்டமிட்டார்கள், தொழிலாளர்கள் கட்டினார்கள். நடுவில் கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளுக்கு ஏன் இத்தனை பாராட்டு? (வாசகர், ஈசூன்)

பதில்: கையெழுத்து அவ்வளவு இளக்காரமா? 1972 ஜூன் 23 அன்று தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு முதல் கொள்கலன் (கன்டெய்னர்) கப்பலான ‘நிஹோன்’ வந்தது. அங்கே கொள்கலன் முனையத்தைக் கட்டத் தொடங்கியபோது, அந்த வகைக் கப்பல்கள் இந்தப் பக்கம் வரும் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. வராமல் போயிருந்தால் பழி யார் தலையில் விழும்? துறைமுக ஆணையத் தலைவர் ஹாவ் யூன் சோங் தலையில்தான். பெயரைப் பணயம் வைத்துப் போடுகிற கையெழுத்து அது.

விமான நிலையத்தைப் பாய லேபாரிலேயே விரிவாக்கலாம் என்று முடிவான பிறகு, இன்னொரு முறை பார்க்கச் சொன்னார் பிரதமர் லீ குவான் இயூ. கேள்வி அவருடையது. சாங்கியில் புதிதாகக் கட்ட முடியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது, அதே ஹாவ் தலைமையிலான குழு. 1975இல் முடிவு மாறியது. 1981இல் சாங்கி திறந்தது. முடிந்துபோன கோப்பைத் திரும்பப் பிரிக்கும் துணிச்சல் இல்லாத அதிகாரிக்குச் சம்பளமே வீண்.

என் பழைய ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் பிறந்த ஜே.ஒய்.பிள்ளை, அரசு அதிகாரியாக இருந்தபடியே சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 1972 முதல் 1996 வரை தலைவராக இருந்தவர். நம் தமிழ் விழாக்களில் அவர் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? வருகிற எல்லாருக்கும் பொன்னாடை போர்த்த நேரம் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. ‘அதிகாரிகளைப் பற்றி எழுதினால் ஜால்ரா’ என்று இந்தப் பக்கத்தைத் திட்டுகிற நண்பர்களுக்கும் இதே பதில்தான்.

தொழிலாளர்களைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்த கதையில், திட்டத்தை நடத்திய லீ எக் டியெங் பெயராவது கிடைக்கிறது. நாள் சம்பளத்துக்குச் சாக்கடை தோண்டிய நம் பெரியவர்களின் பெயர் எங்கே? தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்து வருகிறது. அங்கே போய்ப் பேசச் சொல்லி நம் வீட்டுத் தாத்தாக்களை நாம்தான் அனுப்பவில்லை.

உங்கள் குடும்பத்தில் பொதுப்பணித் துறையிலோ துறைமுகத்திலோ உழைத்தவர் இருந்தால், அவர் சொல்வதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.