மாத்திரைக்காக லீப்பைத் தள்ளிப் போடாதீங்க

உசிலம்பட்டி சகோதரிக்கு,

கர்ப்பப்பை வாய் பயாப்ஸியில சிஐஎன் 3 (புற்றுநோய்க்கு முந்தின கடுமையான மாற்றம்) வந்திருக்கு, லீப் (கெட்டுப்போன இடத்தை மின்சாரம் பாயுற கம்பி வளையத்தால வெட்டி எடுக்கிறது) பண்ணச் சொல்றாங்க, வைரஸ் மாத்திரை சாப்பிட்டா ஆபரேஷன் தேவைப்படாதான்னு கேட்டிருக்கீங்க. அப்படி ஒரு மாத்திரை இன்னும் வரலைங்க. மெடிக்கல்ல கொடுத்த ஏசைக்ளோவிர் அக்கி, ஹெர்பிஸுக்கானது. அந்த வைரஸ்களோட சொந்த என்ஸைமைப் பிடிச்சுத்தான் அது வேலை செய்யும். உங்களுக்கு இந்த மாற்றத்தை உண்டாக்குன எச்பிவி வைரஸுக்கு அந்த என்ஸைமே கிடையாது. நம்ம செல்லோட சாமானை வச்சே பெருகிக்கும்.

வைரஸை உடம்பேதான் விரட்டணும். கெட்டுப்போன இடத்தை லீப்ல எடுத்துட்டா பெரும்பாலானவங்களுக்கு அது நடந்துடுது.

என் மதினிக்கு மதுரையில செஞ்சப்ப நான்தான் கூடப் போனேன். மரத்துப்போற ஊசி, மெல்லிசான கம்பி வளையம், அவ்வளவுதான். சாயங்காலமே ஆரப்பாளையத்துல பஸ் ஏறிட்டோம். ரெண்டு மூணு வாரம் பழுப்பா நீர் பட்டுச்சு. நாலு வாரம் தண்ணிக்குடம் தூக்கக் கூடாது, தாம்பத்தியம் கூடாதுன்னாங்க. மாமியார்கிட்ட குடத்துக்குக் காரணம் சொல்றதுதான் பெரும்பாடா இருந்துச்சு!

ரத்தம் அதிகமாப் போனாலோ, காய்ச்சல், நாத்தம் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

எச்பிவி உடலுறவுல பரவுறதுதான், ஆனா அதுக்காக வீட்டுக்காரரைச் சந்தேகப்பட வேண்டாம், இந்த வைரஸ் வருஷக்கணக்கா சத்தமில்லாம இருக்கும்.

எடுத்த சதையோட ஓரம் கெட்ட செல் இல்லாம சுத்தமா இருக்கான்னு ரிப்போர்ட்ல கேளுங்க. ஆறாம் மாசம் எச்பிவி டெஸ்டுக்குத் தேதியும் அன்னைக்கே வாங்கிடுங்க. இன்னும் குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா, லீப்புக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.